எந்தக் கோர்ட்டுக்குப் போவது? தமிழ்நாட்டில் பலரும் செய்யும் தவறுகள்

பங்காளிக்குள் வரப்புத் தகராறு என்றால் நம்மவர்கள் முதலில் போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே ஆகவில்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு. அப்புறம் முதல்வரின் தனிப்பிரிவுக்கு ஒன்று. கடைசியில் 'இது உரிமையியல் (சிவில்) பிரச்சினை, நீதிமன்றத்தை அணுகவும்' என்று பதில் வரும். அலைச்சலைக் கூட விட்டுவிடலாம், காலக்கெடு போய்விடுவதுதான் பெரிய நஷ்டம். புரோநோட்டுக் கடனை வசூலிக்க வழக்குப் போட 3 வருடம்தான் அவகாசம். கலெக்டரிடம் எத்தனை மனு கொடுத்திருந்தாலும் அந்த 3 வருடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேலதிகாரி கலெக்டர் என்று நினைப்பவர்களும் உண்டு. கோர்ட்டுகளின் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது, கலெக்டர் அதில் தலையிட முடியாது.

பட்டா விஷயமும் இப்படித்தான். பட்டா மாற்றத்தில் குறை என்றால் தாசில்தாருக்கு மேல் கோட்டாட்சியர், அவருக்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். அது வருவாய்த் துறையின் வழி. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே சண்டை என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். பட்டா கையில் இருப்பதாலேயே ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

மாவட்டங்களில் உரிமையியல் வழக்குக்கு மூன்று படிகள்: முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம் (சப் கோர்ட்), மாவட்ட நீதிமன்றம். சென்னைக்கு மட்டும் தனிச் சட்டப்படி மாநகர உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. எந்தப் படி என்பதை வழக்கின் மதிப்பு முடிவு செய்யும். ஒரு காலத்தில் முன்சீப் கோர்ட்டின் வரம்பு 1 லட்சம் ரூபாய்தான். பிறகு சட்டம் திருத்தி உயர்த்தினார்கள். அதனால் அப்பா காலத்து வழக்குக் கட்டைப் பார்த்துக் கோர்ட்டை முடிவு செய்யக் கூடாது. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லையில்தான் வழக்கு. நீங்கள் கோவையில் குடியிருந்தாலும் திருமங்கலத்து நிலத்துக்குக் கோவையில் போட முடியாது.

தவறான கோர்ட்டில் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று பதற வேண்டாம். சரியான கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்லி வழக்குரையை, அதாவது நீங்கள் போட்ட வழக்கு மனுவை, திருப்பிக் கொடுப்பார்கள். நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் அங்கே நடத்திய காலத்தைக் காலக்கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். தெரிந்தே மதிப்பைக் குறைத்துக் காட்டியவருக்கு இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

குற்ற வழக்கில் ஒரு குழப்பம். கொலை வழக்கு ஏன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கிறது என்று கேட்பார்கள். குற்றப்பத்திரிகை முதலில் அங்கேதான் வரும். மாஜிஸ்திரேட் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகல்களைக் கொடுத்து, வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு (செஷன்ஸ் கோர்ட்) அனுப்பிய பிறகே விசாரணை. சின்ன ஊர்களில் முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும் ஒரே ஆளாக இருப்பார். மாவட்ட நீதிபதிதான் அமர்வு நீதிபதியும்.

'நேரா ஹைகோர்ட்டுக்கே போயிடலாம்' என்பது அடுத்த ஆசை. அங்கே நேரடியாகப் போடும் ரிட் மனு பெரும்பாலும் அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் எதிரானது. அண்ணன் தம்பி சொத்துச் சண்டைக்கு அது உதவாது. போக வேண்டியது சென்னைக்கா மதுரைக்கா என்பதையும் பாருங்கள். மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியது. தஞ்சாவூர், திருச்சி, கரூர், புதுக்கோட்டைக்காரர்கள் மதுரைக்குப் போக வேண்டும். தஞ்சாவூரை ஒட்டியிருக்கும் திருவாரூர் சென்னையோடு சேர்ந்தது!

தோற்ற பிறகு செய்யும் தவறுகள் இன்னும் மோசம். முன்சீப் தீர்ப்புக்கு வழக்கமாகச் சார்பு நீதிமன்றத்தில்தான் மேல்முறையீடு, அதற்கு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். அங்கே போடும் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும். 'சாட்சி பொய் சொன்னான்' என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது. அதனால் சாட்சி, ஆவணம் எல்லாவற்றையும் கீழ்க் கோர்ட்டிலேயே ஒழுங்காக வைத்துவிட வேண்டும்.

தீர்ப்பு வந்த கையோடு நகல் மனு போடுங்கள். நகல் தயாராக ஆகும் நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். சான்றிட்ட நகலில் மனு போட்ட தேதி, முத்திரைத் தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாகப் போட்டிருக்கும். தாள் கட்டாமல் நீங்கள் இழுத்த நாட்களும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும்.