பழைய பாராசூட்டைத் தேர்ந்த விதம்

விமானத்திலிருந்து குதிப்பவருக்கு மாற்றுப் பாராசூட் உண்டு. பாலத்திலிருந்து குதிப்பவருக்கு இருப்பது ஒன்றுதான். ஆகவே திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, விலைக்கு வந்த பழைய பாராசூட்டுகள் இரண்டையும் பரப்பிப் பார்த்தேன்.

பளபளத்த சிவப்பு 220 சதுர அடி. கருவிகளோடு என் எடை 187 இறாத்தல். தொடக்கக்காரருக்குச் சதுர அடிக்கு 0.7 இறாத்தல் என்று கொண்டால் 265 அளவில் வேண்டும். சிவப்பை மடித்து வைத்துவிட்டேன். மற்றது நிறம் மங்கியது, ஆனால் 265.

"தண்ணீரே படவில்லை" என்றார் விற்றவர். கயிறுகள் சேரும் உலோக வளையங்களில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. விரலில் தொட்டு நாவில் வைத்தேன், உப்பு! காய்ந்த உப்புப் பரல் நைலான் இழைகளை அராவிவிடும். அதைக் காட்டி விலையைக் குறைத்தேன். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்தினேன். வெயிலும் நைலானுக்குப் பகை.

பெரிய பாராசூட்டை வெளியே இழுத்து விரிக்கும் சிறிய இழுப்புப் பாராசூட்டும் கூட வந்தது, அது 32 அங்குலம். நெடுநேரம் விழுந்து வேகம் பிடித்தபின் அது போதும். இரண்டொரு விநாடியில் விரிய வேண்டிய பாலத் தாவலுக்கு 42 அங்குலமாவது வேண்டும். அதைப் புதிதாகவே வாங்கினேன்.

கோணேசர் கோயிலருகே உள்ள இராவணன் வெட்டுப் பாறைப்பிளவிலிருந்தா குதிக்கப் போகிறாய் என்று பெரியம்மா கேட்டார். கோயில் வாசலிலா? நான் போவது அமெரிக்காவின் ஐடஹோவில் உள்ள 148 மீட்டர் உயரமான பெரைன் பாலத்துக்கு. அதற்குமுன் துணியையும் கயிறுகளையும் பயிற்சி பெற்ற பாராசூட் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். பிரேக் கயிறுகள் இரண்டையும் மாற்றித் தந்தார்.