மாணவர் குறும்படத்தில் எடிட்டிங் பழகுவது: ஒரே ரஷ், மூன்று கட்

எடிட்டிங் மென்பொருளில் எந்தப் பட்டன் எதற்கு என்பது சீக்கிரம் கைவந்துவிடும். எங்கே வெட்டுவது என்பதுதான் கைவராது. அதற்கு ரஷ் வேண்டும், அதாவது படப்பிடிப்பில் எடுத்தபடியே வெட்டாமல் இருக்கும் பதிவு. முடிந்தால் வேறொருவர் எடுத்த ரஷ். படப்பிடிப்பில் நின்றவருக்கு ஒவ்வொரு ஷாட்டுக்கும் பட்ட பாடு தெரியும், அதனால் தூக்கிப் போட மனம் வராது. ஆகவே மாணவர் குழுக்கள் இரண்டு தங்கள் ரஷ்ஷை மாற்றிக்கொள்வது நல்லது. அவர்கள் எடுத்ததை நீங்கள் வெட்டுங்கள், நீங்கள் எடுத்ததை அவர்கள் வெட்டட்டும்.

படி 1: என்ன எடுக்கச் சொல்வது

இரண்டு பேர் பேசும், திரைக்கதையில் ஒரு பக்கம் வரும் காட்சி போதும். திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரும். ஒரு வைட் (இருவரும் இடமும் தெரியும் அகல ஷாட்), தோளுக்கு மேலிருந்து இரண்டு, குளோஸ்-அப் இரண்டு, கை அல்லது பொருளை மட்டும் காட்டும் இன்சர்ட் இரண்டு. இன்சர்ட் தவிர மற்ற எல்லாக் கோணத்திலும் காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நடிக்க வைக்க வேண்டும். அவரவர் வசனத்தை மட்டும் எடுத்தால் கேட்பவரின் முகம் உங்களிடம் இருக்காது. பிறகு படி 5 நடக்காது.

'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னும் 'கட்' சொன்ன பின்னும் ஐந்து நொடி கேமரா ஓடட்டும். இடத்தை விட்டுக் கிளம்புமுன் எல்லோரும் வாய்மூடி நிற்க, 30 நொடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

படி 2: கோப்புகள்

கார்டில் உள்ளதை முழு ஃபோல்டராக இரண்டு தனித்தனி டிரைவில் போடுங்கள். இரண்டிலும் கிளிப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். மென்பொருளுக்குள் கொண்டுவந்த பிறகு கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள்.

மென்பொருள் எது? டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மாணவர் படத்துக்குத் தாராளம். கிராஃபிக்ஸ் கார்டு பலவீனமான கணினி என்றால் கேடன்லைவ். ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் முடியும்வரை மாறாமல் இருங்கள்.

படி 3: ஃபிரேம் ரேட்டைச் சரிசெய்தல்

இங்கேதான் பெரும்பாலான மாணவர் படங்கள் சிக்குகின்றன, காரணம் தெரியாமல் இரவெல்லாம் போகிறது. அறிகுறி இது: காட்சியின் தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாகப் பொருந்தும். போகப்போக விலகும். கடைசியில் வாய் மூடிய பிறகு வசனம் கேட்கும்.

ஃபிரேம் ரேட் என்பது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. ஃபோன் கேமராக்கள் பெரும்பாலும் சீரான ஃபிரேம் ரேட்டில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ ஃபோன் சூடானாலோ நொடிக்கு 30 ஃபிரேம் என்பது சற்றுக் கூடிக் குறையும். எடிட்டிங் மென்பொருளோ ஒவ்வொரு நொடியிலும் ஒரே எண்ணிக்கைதான் இருக்கும் என்று நம்பி அடுக்குகிறது. தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலி தன் வேகத்தில் சரியாக ஓட, படம் மட்டும் பிசகுகிறது. 30 என்று கணக்கிட்ட இடத்தில் உண்மையில் 29.97 இருந்தால்கூட, பத்து நிமிட டேக்கின் (நிறுத்தாமல் எடுத்த ஒரு பதிவின்) முடிவில் 0.6 நொடி விலகல். உதட்டசைவு பொருந்தவில்லை என்று கண் கண்டுகொள்ள அதில் பாதிகூட வேண்டாம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். டேக்கின் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் இன்னொன்று இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு விலகல் என்றால் அது வெறும் இடமாற்றம். ஒலியை நகர்த்தினால் போதும். தொடக்கம் பொருந்தி முடிவு பொருந்தவில்லை என்றால் ஃபிரேம் ரேட்டைச் சந்தேகியுங்கள். குரலே கீச்சென்று வேகமாகக் கேட்டால் அது வேறு சங்கதி: 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒலியை 48 என்று வாசித்திருக்கிறது. ரெக்கார்டரை எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

சந்தேகத்தை உறுதிசெய்ய மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்றிருந்தால் எடிட்டிங்குக்கு முன்பே மாற்ற வேண்டும். வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இப்படிச் செய்யலாம்:

1. ஃபிரேம் ரேட்டில் 'சோர்ஸ் எப்படியோ அப்படியே' என்பதை விட்டுவிட்டு, மீடியாஇன்ஃபோ காட்டிய சராசரிக்கு மிக அருகில் உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.
2. அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதை அழுத்துங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.
3. தர எண்ணை 16-க்கும் 18-க்கும் இடையே வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும்.
4. தானியங்கி கிராப்பை அணைத்துவிடுங்கள். ஓரங்கள் இருண்ட காட்சியில் அது படத்தின் விளிம்பையே வெட்டிவிடும்.

மாற்றிய கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். பிறகு டைம்லைனின் (எடிட்டிங்கில் கிளிப்புகளை அடுக்கும் வரிசையின்) ஃபிரேம் ரேட்டையும் அதே எண்ணில் அமையுங்கள். ரிசால்வில் டைம்லைன் உருவான பிறகு அந்த எண் பூட்டிக்கொள்ளும். தவறு நடந்தால் சரியான எண்ணோடு புதிதாகத் தொடங்குவதே வழி.

படி 4: ரஷ் பார்த்தல்

எல்லா டேக்கையும் நிறுத்தாமல் ஒருமுறை பாருங்கள். முதல்முறை பார்க்கையில் எந்த நொடியில் உங்களுக்கு ஏதோ ஆயிற்றோ, அங்கே ஒரு மார்க்கர். காரணம் எழுத வேண்டாம். பத்தாவது முறை பார்க்கும்போது அந்த உணர்வு மழுங்கிவிடும். அன்று இந்த மார்க்கர்தான் கைகொடுக்கும்.

படி 5: மூன்று கட்

ஒரே ரஷ்ஷில் மூன்று தனி டைம்லைன்.

முதலாவது, பேசுகிறவர் திரையில். சப்பென்று இருக்கும், இருக்கட்டும். காட்சியின் இயல்பான நீளம் எவ்வளவு என்று இதில்தான் தெரியும்.

இரண்டாவது, கேட்கிறவர் திரையில். குறைந்தது பாதி வசனங்களாவது கேட்பவரின் முகத்தின் மேல் விழ வேண்டும். ஜே கட், எல் கட் இரண்டையும் இங்கே பழகலாம். ரிசால்வில் ஆல்ட் விசையை அழுத்தியபடி படத்தின் விளிம்பை மட்டும் பிடித்து 8 முதல் 12 ஃபிரேம் இழுங்கள்; ஒலி அசையாது. அடுத்தவரின் குரல் முதலில் வந்து முகம் பின்னால் வந்தால் ஜே. முகம் மாறிய பிறகும் பழைய குரல் தொடர்ந்தால் எல். படத்தையும் ஒலியையும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு வெட்டும் கண்ணில் இடிக்கும். புதியவர்களின் எடிட் 'மாணவர் படம் போல' தெரிவதற்கு முதல் காரணம் இதுதான்.

மூன்றாவது, முதல் கட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வேகத்தைக் கூட்டக் கூடாது, எடுக்க மட்டும்தான் செய்யலாம். கதவைத் திறப்பது, நடந்து வருவது, 'சரி', 'ம்', முகத்தில் ஏற்கெனவே தெரிந்துவிட்டதைச் சொல்லும் வசனம் எல்லாம் போகும். மூன்றில் அதிகம் கற்றுத்தருவது இதுவே.

வெட்டு உறுத்தினால் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். ஒரே ஆளின் இரு ஷாட்டுகள் அளவிலும் கோணத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் படம் துள்ளும். நடுவே மற்றவரின் முகத்தையோ இன்சர்ட்டையோ வையுங்கள். எழுவது, திரும்புவது போன்ற அசைவில் வெட்டும்போது அசைவு தொடங்கிய பிறகு, முடியுமுன் வெட்டுங்கள். பிறகு இரண்டு ஃபிரேம் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள்.

மூன்றையும் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவரைப் பாருங்கள். கண் விலகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று புரிந்ததா என்று கேளுங்கள்.

படி 6: ஒலி

பின்னணி இசையைக் கடைசிவரை தொடாதீர்கள். இசை எல்லா மோசமான வெட்டையும் மறைத்துவிடும், உங்களிடமிருந்தும் சேர்த்து. வசனத்தின் உச்சம் −12 முதல் −6 டெசிபல் வரை நிற்கட்டும். வெட்டுமிடங்களில் 'டிக்' என்று கேட்டால் இரண்டு ஃபிரேம் ஆடியோ கிராஸ்ஃபேட் (ஓர் ஒலி தணிய அடுத்தது எழும் கலப்பு) போடுங்கள். பதிந்து வைத்த அறைச் சத்தத்தைக் காட்சி முழுக்க அடியில் ஓடவிட்டால், ஷாட்டுக்கு ஷாட் பின்னணி விட்டுவிட்டு மாறுவது தெரியாது.

படி 7: ஏற்றுமதி

வீடியோ வடிவம் எச்.264, 1080பி, டைம்லைனில் உள்ள அதே ஃபிரேம் ரேட், பிட்ரேட் 16 முதல் 20 எம்பிபிஎஸ், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். வெளிவந்த கோப்பை ஹெட்ஃபோனோடு முழுவதும் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பின்னர் சேர்த்தது: லினக்ஸில் ரிசால்வ் இலவசப் பதிப்புக்குள் ஃபோன் வீடியோ வந்தால் படமோ ஒலியோ இல்லாமல் போகலாம். கிளிப்பில் பழுதில்லை; ஃபோன் வழக்கமாகப் பதியும் எச்.264 படத்தையும் ஏஏசி ஒலியையும் அந்தப் பதிப்பு படிக்காமல் இருக்கலாம். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் படத்தை டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்கியூ வடிவத்துக்கும் ஒலியை பிசிஎம் வடிவத்துக்கும் மாற்றுங்கள். ஃபிரேம் ரேட்டையும் அங்கேயே நிலைப்படுத்தலாம், ஹேண்ட்பிரேக் தேவைப்படாது. 1080பி, 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.