கிலோமீட்டர் காசுக்கு எந்தக் கார் கட்டும்? சேல்ஸ்காரர்களுக்கு

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஹெச்.ஆர். அனுப்பிய பயணப்படி பாலிசியைத் திறந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மைலேஜ், டச் ஸ்கிரீன், சன்ரூஃப் எல்லாம் அப்புறம். ஏரியா மேனேஜராகப் பதவி உயர்வு வந்த கையோடு, "இனிமேல் கார் அலவன்ஸ் உண்டு" என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஏழு வருடக் கடனில் எஸ்.யூ.வி. எடுத்துவிட்டு, மாசக் கடைசியில் கிளெய்ம் தொகையால் இ.எம்.ஐ.யைக்கூடத் தொட முடியவில்லையே என்று முழிக்கிறவர்கள் எல்லா கம்பெனியிலும் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் மூன்று விதமாகத் தருவார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே ரேட், அதற்குள் பெட்ரோல், டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கம். அல்லது ஓர் உச்சவரம்பு வரை பில்லுக்குப் பணம். அல்லது மாதம் ஒரு நிலையான தொகை, பெட்ரோலுக்குத் தனியாக. இந்த மூன்றுக்கும் ஒரே கார் சரிப்படாது. கிலோமீட்டர் ரேட் என்றால் ஓட்டச் செலவில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பைக்குத்தான், அதனால் மைலேஜைத் துரத்துவதில் அர்த்தம் இருக்கிறது. பில்லுக்குப் பணம் என்றால் மைலேஜால் லாபம் கம்பெனிக்கு. உங்கள் தலையில் விழுவது தேய்மானமும் வட்டியும், ஆகவே மலிவாக வாங்கி நல்ல விலைக்கு விற்க முடிகிற கார்தான் வேண்டும். நிலையான தொகை என்றால் அந்தத் தொகைக்குள் இ.எம்.ஐ., இன்சூரன்ஸ் இரண்டும் அடங்குகிறதா என்று பாருங்கள், அடங்காவிட்டால் அடுத்த மாடலுக்குக் கீழே இறங்குங்கள்.

பாலிசியில் இல்லாததை மேனேஜரிடம் வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள். தூரத்தை எதை வைத்து எடுக்கிறார்கள்? ஓடோமீட்டர் போட்டோவா, ஃபீல்டு ஆப்பின் ஜி.பி.எஸ்.ஸா? பார்மா கம்பெனியாக இருந்தால் எஸ்.எஃப்.சி. என்று ஊருக்கு ஊர் தூரம் எழுதிவைத்த ஒரு சார்ட் இருக்கும், நீங்கள் எந்த வழியாகச் சுற்றிப் போனாலும் அதில் இருக்கிற கிலோமீட்டர்தான். வீட்டிலிருந்து முதல் கடைக்குப் போகிற தூரம் கணக்கில் வருமா? பார்க்கிங்குக்கும் டோலுக்கும் தனிக் கிளெய்மா? ஆர்.சி. உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டுமா, அப்பா காரையோ மனைவி காரையோ ஏற்பார்களா? இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட பழைய கார் கூடாது என்று விதி உண்டா? பெட்ரோல் விலை ஏறினால் ரேட்டை எப்போது மாற்றுவார்கள்? இந்தப் பதில்கள் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே இருப்பதெல்லாம் உதாரணத் தொகைகள்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ரேட் கிலோமீட்டருக்கு 11 ரூபாய், மாதம் 2500 கிலோமீட்டர் கம்பெனி ஓட்டம், நான்கு வருடத்தில் 1,20,000 கிலோமீட்டர். ஆன்ரோடு 9 லட்சத்துக்குப் புதுக் கார் வாங்கி நான்கு வருடம் கழித்து மூன்றரை லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் ஐந்தரை லட்சம், அதாவது கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய்க்கு மேல். 7 லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, நான்கு வருடம் என்றால் வட்டி மட்டும் சுமார் 1,44,000, அது ஒரு ரூபாய் இருபது காசு. லிட்டருக்கு 20 கொடுக்கிற கார், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் ஐந்து ரூபாய். சர்வீஸ், டயர் ஒரு ரூபாய், இன்சூரன்ஸ் எண்பது காசு. கூட்டினால் 12 ரூபாய் 60 காசு வரும். கம்பெனி தருவது 11. மாதம் நாலாயிரம் ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிறது.

அதே ஓட்டத்துக்கு நான்கு வருடப் பழைய காரை 4,80,000க்கு வாங்கி 2,20,000க்கு விற்றால் தேய்மானம் இரண்டு ரூபாய் சில்லறைதான். பழைய காருக்கு வட்டி 13 சதவீதம் என்று வைத்தாலும், மைலேஜை 18 ஆகக் குறைத்தாலும், மெயின்டனன்ஸை ஒன்றரை ரூபாயாகக் கூட்டினாலும் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் நிற்கிறது. கையைக் கடிக்காது. சொந்த உபயோகத்துக்கும் புதுக் கார் ஆசை இருக்கிறதென்றால் வாங்குங்கள், ஆனால் அந்த வித்தியாசம் குடும்பச் செலவு, அலவன்ஸ் தருகிற பணம் அல்ல என்று தெரிந்து வாங்குங்கள்.

ஓட்டம் குறைவாக இருக்கிறவர்களுக்குக் கதை இன்னும் மோசம். சிட்டி பீட், அதாவது ஊருக்குள் கடை கடையாகப் போகிற ரூட் மட்டும் பார்க்கிற ஒருவர் மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால் அதே தேய்மானமும் வட்டியும் குறைந்த கிலோமீட்டரின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பெட்ரோல் போடும் முன்பே 11 ரூபாய் காலி. கிலோமீட்டர் ரேட்டில் சிட்டி வேலை பார்க்கிறவர் அந்த வேலைக்காகவே புதுக் கார் வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை என்பது என் கருத்து. பைக் ரேட்டிலேயே தொடரலாமா என்று கேளுங்கள்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் இரண்டு கோடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரிப்படி கார் விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 15. டாப் வேரியன்டுக்கு ஆசைப்பட்டு இந்தக் கோட்டைத் தாண்டுகிற காசு விற்கும்போது திரும்பி வராது.

எரிபொருளைப் பொறுத்தவரை ஹைவே ஓட்டம் அதிகமென்றால் சி.என்.ஜி.யைத் தவிர்க்காமல் பாருங்கள். 2024இல் வந்த டிசையருக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு பெட்ரோல் மேனுவலில் லிட்டருக்கு 24.79, சி.என்.ஜி.யில் கிலோவுக்கு 33.73, சாலையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் சிலிண்டர் டிக்கியைத் தின்றுவிடும், சாம்பிள் பெட்டியும் டெமோ மெஷினும் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு அது பெரிய தலைவலி. டாடாவின் டியாகோ, பஞ்ச் போன்றவற்றில் இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தளத்துக்கு அடியில் வைத்திருப்பதால் டிக்கியில் இடம் மிஞ்சுகிறது. உங்கள் டூர் பிளானில் இருக்கிற ஊர்களில் பங்க் எங்கே, காலை எட்டு மணிக்கு அங்கே க்யூ எவ்வளவு நீளம் என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் க்யூவில் நின்றால் ஒரு கஸ்டமர் விசிட் போச்சு.

டீசல், தினமும் நூறு கிலோமீட்டர் ஹைவேயில் போகிறவருக்குச் சரி. கடை கடையாக நின்று நின்று போகிற பீட்டுக்கு வேண்டாம், பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ள ஒரே சீரான ஓட்டம் வேண்டும், அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். எலக்ட்ரிக் என்றால் முதல் கேள்வி கம்பெனியின் ஃபைனான்ஸ் பிரிவிடம்: பெட்ரோல் பில் இல்லாத காருக்கு எதை வைத்துப் பணம் தருவீர்கள்? கிலோமீட்டர் ரேட்டை அப்படியே தருகிறார்கள், வீட்டில் சார்ஜ் போட வசதி இருக்கிறது, அன்றாட ஓட்டம் ஒரே சார்ஜுக்குள் முடிகிறது என்றால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. பழைய பெட்ரோல் கார் வாங்குகிறவர்கள், 2023 ஏப்ரலுக்கு முந்தியதாக இருந்தால், இப்போது பங்க்கில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று கணக்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் பலர் கவனிக்காத ஒரு விஷயம். தனியார் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவதற்கும், சரக்கு ஏற்றுவதற்கும் கவர் கிடையாது என்று எழுதிவிட்டு, சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும் விதிவிலக்கு என்று சொல்லியிருப்பார்கள். ஆகவே சாம்பிள் பை பிரச்சினை இல்லை. "டீலருக்கு ஸ்டாக் இல்லையாம், நாலு பெட்டி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க" என்று டிஸ்ட்ரிபியூட்டர் கேட்கும்போது ஒத்துக்கொண்டு வழியில் எங்காவது இடித்தால், கிளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனி கையில் நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

டோல் கம்பெனி தருகிறதா என்று பார்த்துவிட்டு ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸை யோசியுங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் 3000 ரூபாய்க்கு 200 பயணம் அல்லது ஒரு வருடம் என்று அறிமுகமானது. ஒரு சாவடியைத் தாண்டினால் ஒரு பயணம். சென்னையிலிருந்து விழுப்புரம் போக பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று மூன்று போய்விடும். தேசிய நெடுஞ்சாலைகளில்தான் செல்லும், மாநிலச் சாலை டோலில் வழக்கம்போல் காசு பிடிக்கும். பாஸ் தொகையை மொத்தமாகக் கிளெய்ம் பண்ண விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஏனென்றால் அதன் பிறகு சாவடிவாரியாகத் தொகை போட்ட ரசீது உங்களிடம் இருக்காது.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது சாம்பிள் பை, லேப்டாப் பை, பேனர் ஸ்டாண்டு எல்லாவற்றையும் எடுத்துப்போய் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள், சேல்ஸ்மேன் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு நாளைக்கு முப்பது முறை ஏறி இறங்குகிறவருக்கு சீட் உயரம் முக்கியம். தாழ்வான சீட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் முழங்காலை ஊன்றி எழுந்தால் சாயங்காலம் இடுப்பு சொல்லிவிடும். இடுப்புக்கு மேலே முதுகு சீட்டில் படிகிறதா, மதிய வெயிலில் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டு ஏ.சி. போட்டால் எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று பாருங்கள். மதுரை மாசி வீதிகளிலும் கோவை ராஜ வீதியிலும் கார் நிறுத்த வேண்டியவருக்கு நீளம் குறைந்த கார் ஒரு வரம். டவுன் நெரிசல் அதிகமென்றால் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏ.எம்.டி. கியருக்குக் கூடுதல் காசு கொடுப்பதை மட்டும் நான் தயங்காமல் சொல்வேன், இடது கால் அடுத்த பத்து வருடத்துக்கும் வேண்டும்.

வாரன்டியில் வருடத்தைப் பார்க்காமல் கிலோமீட்டரைப் பாருங்கள். மாருதி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் தருகிறது, சொந்த ஓட்டமும் சேர்ந்து மாதம் 3000 போகிறவருக்கு அது மூன்று வருடம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை வண்டி ஒர்க்‌ஷாப்பில், அதனால் உங்கள் ஹெட்குவார்ட்டர்ஸ் ஊரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிற பிராண்டாக எடுங்கள்.

வருமான வரியில், சொந்தத் தொழில் செய்கிற நண்பர் "கார் தேய்மானத்தைச் செலவில் எழுதலாமே" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், மாதச் சம்பளக்காரருக்கு அது கிடையாது. கம்பெனி திருப்பித் தருகிற தொகை முழுக்க அலுவலகப் பயணத்துக்கானது என்று காட்டினால் அது வருமானத்தில் சேராது. அதற்குத் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு என்று எழுதிய லாக் புக்கும் கம்பெனியின் சான்றும் வேண்டும். கணக்கு எதுவும் கேட்காமல் மாதா மாதம் சம்பளத்தோடு வருகிற கார் அலவன்ஸை, அலுவலகப் பயணத்துக்குத்தான் செலவானது என்று காட்ட முடியாவிட்டால், சம்பளமாகவே பார்ப்பார்கள். அதனால் ஆஃபர் லெட்டரில் இருக்கிற தொகையை அப்படியே இ.எம்.ஐ.க்கு ஒதுக்காமல் வரி கழித்த தொகையை ஒதுக்குங்கள்.

கடன் காலத்தை நான்கு வருடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சேல்ஸில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவது சகஜம், புதுக் கம்பெனியில் ரேட் 11க்குப் பதில் 8ஆக இருந்தாலும் பேங்க் அதே இ.எம்.ஐ.யைத்தான் எடுக்கும். அடுத்த இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போதே கிலோமீட்டர் ரேட்டையும் கேட்டு, ஆஃபர் மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.