கிரேட் ஓஷன் ரோடு: மெல்பர்னிலிருந்து ஒருநாள் பஸ் சுற்றுலா போவது எப்படி?

மெல்பர்னில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கினால், பெட்டியைப் பிரிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "கிரேட் ஓஷன் ரோடு கூட்டிட்டுப் போகலையா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. வலது பக்கம் செங்குத்தான மலை, இடது பக்கம் கடல், நடுவில் மலையைச் செதுக்கிப் போட்ட சாலை. வேறெங்கும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

சொந்தக் காரிலும் போகலாம். ஆனால் ஓட்டுகிறவருக்குக் கடல் கிடைக்காது, வளைவுதான் கிடைக்கும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒருநாள் பஸ் சுற்றுலாவே நல்லது என்பது என் எண்ணம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை சரியாக அமையவில்லை, இரண்டாம் முறை அருமையாக அமைந்தது. பதிவு செய்யும் முன் கேட்ட சில கேள்விகள்தான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம். முதல்முறை போகிறவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எவ்வளவு தூரம் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கிரேட் ஓஷன் ரோடு டோர்கீ என்ற ஊரில் தொடங்கி, வார்னம்பூல் அருகே அலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது. மொத்தம் சுமார் 243 கிலோமீட்டர். ஒருநாள் பஸ்கள் கடைசி வரை போவதில்லை. 'ட்வெல்வ் அபோசல்ஸ்' என்ற பாறைத் தூண்களையும் அதை ஒட்டிய சில இடங்களையும் காட்டிவிட்டு, உள்நாட்டுச் சாலை வழியாகக் கோலாக், ஜீலாங் என்று திரும்பிவிடும். அப்படியும் போக வர 500 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

காலை ஏழு, ஏழரைக்கு ஏறினால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் பாதிக்கும் மேல் இருக்கையில்தான் போகும். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: எத்தனை இடம் என்று கேட்காதீர்கள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

முதல் முறை நான் தேர்ந்தெடுத்த பயணத்தில் பட்டியல் நீளமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு இடங்கள், விலையும் குறைவு. போனபிறகுதான் தெரிந்தது, பல இடங்களில் பஸ் நின்ற நேரம் பத்தே நிமிடம். ட்வெல்வ் அபோசல்ஸில் இருபத்தைந்து நிமிடம் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து பார்வை மேடைக்கு நடக்கவே பத்து நிமிடம் பிடிக்கிறது. அம்மா மெதுவாகத்தான் நடப்பார். மேடைக்குப் போய்ச் சேர்ந்து, காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது, திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. அத்தனை தூரம் வந்து அம்மாவை அவசரப்படுத்தி அழைத்துவந்தது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அதனால் பதிவு செய்வதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அபோசல்ஸில் எவ்வளவு நேரம்? அதை ஒட்டியுள்ள லோக் ஆர்ட் பள்ளத்தாக்கில் எவ்வளவு நேரம்? முதலாவதற்கு ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகவும், இரண்டாவதற்கு அரை மணிக்குக் குறையாமலும் சொன்னால் நல்ல பயணம். மதிய உணவு கட்டணத்தில் சேர்ந்ததா, பஸ்ஸில் கழிப்பறை உண்டா, இல்லையென்றால் எத்தனை மணிக்கு ஒருமுறை நிறுத்துவார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

படி 3: எந்தத் திசை, எந்த மாதம்

வழக்கமான பயணம் காலையில் கடலோரமாகப் போய் மாலையில் உள்நாட்டு வழியாகத் திரும்பும். இன்னொரு வகை உண்டு. காலையிலேயே உள்நாட்டு வழியாக நேரே அபோசல்ஸுக்குப் போய்விட்டு, பிறகு கடலோரமாகத் திரும்பி வரும். 'ரிவர்ஸ்' என்று விளம்பரம் செய்வார்கள். இதில் அபோசல்ஸில் கூட்டம் வருவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

ஆனால் ஆஸ்திரேலியாவிலும் நம் ஊர்போல வண்டிகள் இடது பக்கமாகத்தான் போகின்றன. வழக்கமான திசையில் போனால் உங்கள் பஸ் கடலை ஒட்டிய பக்கத்தில் ஓடும். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் நேரே கீழே அலைதான். ரிவர்ஸில் எதிர்ச்சாலையைத் தாண்டித்தான் கடல் தெரியும். கூட்டம் பெரிய தொந்தரவில்லை என்றால், முதல்முறை போகிறவர்கள் வழக்கமான திசையிலேயே போங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூன் மாதம் மாலை ஐந்து மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் எட்டரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பள்ளி விடுமுறை வாரங்களில் மட்டும் கூட்டம் அதிகம்.

படி 4: முந்தின நாள் பையை அடுக்குங்கள்

கோடையாக இருந்தாலும் காற்று புகாத ஒரு ஜாக்கெட் வேண்டும். மெல்பர்னில் வெயில் கொளுத்தும் நாளிலும் அந்தக் கடற்கரையில் காற்று எலும்பு வரை போகும். அம்மாவுக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. வெயிலும் இங்கே வேறு மாதிரி, மேகம் இருந்தாலும் தோலைச் சுட்டுவிடும். சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள்.

லார்ன் ஊரிலிருந்து அப்போலோ பே வரை வளைவுக்கு மேல் வளைவு. கொடைக்கானல் பஸ்ஸில் வயிறு புரட்டும் ஆளாக இருந்தால் இங்கேயும் புரட்டும். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கி, அதில் சொல்லியிருக்கிறபடி பஸ் ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்தபிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தையும் இஞ்சி மரப்பாவையும் சட்டைப்பையில் வைத்திருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கும் அதில் பங்கு போனது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொள்ளுங்கள். வழியில் கிடைப்பது பெரும்பாலும் மீனும் சிப்ஸும், இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டமும்தான். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டிலில் நிரப்பிக்கொண்டால் போதும்.

படி 5: சீக்கிரம் போய் இடது பக்கம் உட்காருங்கள்

பல பஸ்கள் ஃபெடரேஷன் ஸ்கொயர் பக்கத்திலிருந்தோ சதர்ன் கிராஸ் ரயில் நிலையம் பக்கத்திலிருந்தோ கிளம்பும். சரியான இடம் பயணச்சீட்டில் இருக்கும். கால் மணி முன்னால் போய்விடுங்கள், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

இருக்கை எண் கொடுக்காத பஸ் என்றால், வழக்கமான திசைக்கு இடது பக்க ஜன்னல். குமட்டல் உள்ளவர்களுக்கு முன் வரிசை. ஏறியதும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே பஸ்ஸிலும் அது கட்டாயம். ஓட்டுநரே வழிகாட்டியாக ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டு வருவார். ஆங்கிலம் வேகமாக இருந்தால் பெரியவர்களுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வாருங்கள். கதை தெரிந்தால்தான் இந்தச் சாலை முழுதாகக் கண்ணில் படும். அந்தக் கதை அடுத்த படியில்.

படி 6: நினைவு வளைவுக்கு முன் இறங்கும்போது

டோர்கீயில் டீ குடித்துக் கொஞ்ச தூரம் போனதும், ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே மரத்தால் ஆன நினைவு வளைவு ஒன்று நிற்கிறது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும் வெண்கலச் சிலை வரை நடந்து பாருங்கள்.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் போட்ட சாலை இது. 1919 செப்டம்பரில் வேலை தொடங்கியது. சுமார் 3,000 பேர் கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து வைத்து மலையைக் குடைந்தார்கள். கூடாரத்தில் தங்கி, எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி வாங்கினார்கள். 1932 நவம்பரில் சாலை திறக்கப்பட்டது. போரில் இறந்த தங்கள் தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் இந்தச் சாலை முழுவதும்தான். திட்டத்தை முன்னின்று நடத்திய ஜீலாங் மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக், திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார்.

1924இல் கேசினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே தட்டி நின்றபோது, பாரம் குறைக்க 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். கரை ஒதுங்கியதெல்லாம் சாலைத் தொழிலாளர்கள் கையில். இரண்டு வாரம் வேலை நின்றுபோனது. அப்பா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் முன் வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஒரு எச்சரிக்கை: வளைவுக்குக் கீழே சாலை நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். அது வண்டிகள் வேகமாகப் போகும் சாலை.

படி 7: கென்னட் ரிவர், அப்போலோ பே, ஓட்வே காடு

கென்னட் ரிவர் என்ற ஊரில் இறங்கினால் தைல மரங்களில் கோலாக்களைத் தேட வேண்டும். கரடி என்று நாம் சொன்னாலும் அது கரடி இனம் கிடையாது. கங்காருபோலப் பையில் குட்டி வளர்க்கும் பிராணி. ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கும், அதனால் அசைவைத் தேடாதீர்கள். மரம் இரண்டாகப் பிரியும் கவட்டையில் சாம்பல் நிற மூட்டைபோல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். காதின் ஓரத்து வெள்ளை முடி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே நசுங்கிய இலையின் வாசனை அப்படியே ஊட்டி. நீலகிரிக்குத் தைல மரம் போனதே ஆஸ்திரேலியாவிலிருந்துதானே.

சிவப்பும் பச்சையுமான கிங் பேரட் கிளிகள் தோளில் வந்து உட்காரும். தீனி மட்டும் போடாதீர்கள், அவற்றுக்கு நோய் வருகிறது.

மதிய உணவு அப்போலோ பேயில். கடலுக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம், கடற்புறாக்கள் மட்டும் தட்டுக்கே வந்துவிடும்.

அப்புறம் ஓட்வே மழைக்காடு. பெரும்பாலும் மெயிட்ஸ் ரெஸ்ட்டில் நிறுத்துவார்கள். 800 மீட்டர் சுற்றுப்பாதை, மரம்போல வளர்ந்த பெரணிகள், ஈர வாசனை. நடக்க முடியாதவர்கள் பஸ்ஸில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். கால் பலத்தை அடுத்த இடத்துக்கு மிச்சம் வையுங்கள்.

படி 8: அபோசல்ஸ்

இறங்கியதும் திரும்ப வேண்டிய நேரத்தைக் கைபேசியில் அலாரமாக வையுங்கள். பிறகு கடைப்பக்கம் நிற்காமல் நேரே, சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக மேடைக்கு நடங்கள்.

'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்று பெயரே தவிர, இங்கே பன்னிரண்டு இருந்ததே இல்லை. பழைய பெயர் 'தாய்ப்பன்றியும் குட்டிகளும்'. 2005 ஜூலை 3 அன்று ஒரு தூண் சில நொடிகளில் சரிந்து கற்குவியலாகிவிட்டது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. அலை குடைந்து குகையாகும், குகை துளைந்து வளைவாகும், வளைவின் மேற்பகுதி விழுந்தால் தனித் தூண் நிற்கும், பிறகு அதுவும் விழும். பக்கத்தில் லண்டன் ஆர்ச் என்ற இடத்தில் 1990 ஜனவரியில் கரையோடு இணைந்திருந்த வளைவு இடிந்து, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் வைத்து மீட்டார்கள். வேலியைத் தாண்டாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

உங்கள் பஸ் கிப்சன் ஸ்டெப்ஸிலும் நின்றால், முழங்கால் இடம் கொடுத்தால், 86 படி இறங்கிப் பாருங்கள். மேலிருந்து சிறியதாகத் தெரிவது கீழிருந்து கோபுரமாக நிற்கும். அலை அதிகமான நாட்களில் மூடிவிடுவார்கள்.

படி 9: லோக் ஆர்ட் பள்ளத்தாக்கில் கீழே இறங்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1878 ஜூன் 1 அன்று, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் பயணம் செய்து மெல்பர்னை நெருங்கிவிட்ட லோக் ஆர்ட் கப்பல் இங்கே பாறையில் மோதியது. 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாம் பியர்ஸ், கப்பலில் பயிற்சி மாலுமி. இன்னொருவர் ஈவா கார்மைக்கேல், குடும்பத்தோடு குடியேற வந்த பெண். அலை டாமை இந்தப் பள்ளத்தாக்கின் கரையில் ஒதுக்கியது. கடலில் ஈவாவின் குரல் கேட்டு அவர் மறுபடி நீந்திப்போய் இழுத்துவந்தார். பிறகு பாறையில் ஏறி உதவி தேடிப் போனார். அவர்களைக் கவனித்துக்கொண்ட பண்ணை கிப்சன் குடும்பத்துடையது. கிப்சன் ஸ்டெப்ஸ் என்ற பெயரும் அவர்களால் வந்ததுதான்.

படிக்கட்டில் இறங்கி மணலில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் குறுகிய வாய் வழியாகக் கடல். வெளியே அலை அடிக்கிற சத்தம் கேட்கும், காலடியில் வந்து தொடுவது மெல்லிய நுரைதான். அம்மா அங்கே வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். "அந்தப் பொண்ணோட அப்பா அம்மா?" என்று மட்டும் கேட்டார். யாரும் பிழைக்கவில்லை என்றேன். மேலே கல்லறை இருக்கிறது, நேரம் இருந்தால் போய்வாருங்கள்.

படி 10: திரும்பும்போது

உள்நாட்டுச் சாலையில் மேய்ச்சல் நிலம்தான், நிம்மதியாகத் தூங்கலாம். கோலாக்கில் இரவு உணவுக்கு நிறுத்தும்போது கழிப்பறை போய்வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு நகரம் வரை பெரும்பாலும் நிற்காது. கைபேசியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைத்து, வீட்டுக்குப் போகும் கடைசி ரயில் நேரத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் வேறு திட்டம் எதுவும் வைக்க வேண்டாம். ஊரில் தினமும் ஐந்து மணிக்கு எழும் அப்பா, அன்று ஒன்பது வரை தூங்கினார்.