ஒளித்து வைத்தால் போதாது, பூட்ட வேண்டும்: துப்பாக்கி உள்ள வீடுகளில் நடக்கும் தவறுகள்

சாப்பிடும்போதுதான் மகன் கேட்டான். "தாத்தா, அரிசி டின்னுக்குள்ள ஒரு சாவி கெடக்கே, துப்பாக்கி பீரோவோடதா அது?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மகனுக்கு அப்போது எட்டு வயது. அந்த இடம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், எனக்குக்கூடச் சொன்னதில்லை. விசாரித்தால், பட்டர் ஃப்ரூட் பழுக்க வைத்திருக்கிறார்களா என்று அரிசிக்குள் கை விட்டுத் துழாவியிருக்கிறான். பழம் கிடைக்கவில்லை, சாவி கிடைத்தது. பீரோவில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்கும் தைரியம் அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. மறுநாள் நான் கேட்டேன். "பாத்தேன், தொறந்துச்சு. திருப்பிப் பூட்டிட்டேன்" என்றான், லைட்டை அணைத்துவிட்டேன் என்பதுபோல.

கோத்தகிரிப் பக்கம் எங்களைப் போன்ற வீடுகள் உண்டு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கொஞ்சம் தேயிலை, கேரட் போட்டால் இரவில் வந்து கிளறும் காட்டுப்பன்றி, லைசென்ஸோடு 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. சுட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும், முடிந்ததும் திரும்ப வாங்கி வரவும் மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். அதனாலேயே அது பழைய தையல் மெஷின் மாதிரி வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடுகிறது. முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது: பூட்டுவதை விட்டுவிட்டு ஒளிக்க ஆரம்பிக்கிறோம். பரண் மேல், கட்டில் மெத்தைக்கடியில், பீரோவில் பட்டுச்சேலைகளுக்குப் பின்னால். பீரோ பூட்டியிருந்தாலும் அதன் சாவி சாமி படத்துக்குப் பின்னால் தொங்கும். பகல் முழுக்க வீட்டைச் சுற்றிவரும் பிள்ளைக்குத் தெரியாத மூலை எது?

2001-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் தோட்டா இல்லாத நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்து, கால் மணி நேரம் மறைந்திருந்து கவனித்தார்கள். 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தியே விட்டான். என்னை உறுத்தியது அடுத்த விவரம்: அப்படித் தொட்ட, அழுத்திய பையன்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் துப்பாக்கியைப் பற்றி ஏற்கெனவே அறிவுரை கேட்டவர்கள். "எங்க புள்ள தொடாது, சொல்லி வளர்த்திருக்கோம்" என்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம். அங்கேயே அலபாமா மாநிலத்தின் கிராமப்புறத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டு 2006-இல் வெளியிட்டது இன்னொரு ஆய்வு. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் தெரியும் என்றார்கள்.

சொல்லித்தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடாதே, அந்த இடத்தை விட்டு நகரு, பெரியவர்களைக் கூப்பிடு என்ற மூன்றையும் என் மகனுக்கும் சொல்லியிருக்கிறேன். அதைப் பூட்டுக்குப் பதிலாக நம்பினால்தான் ஆபத்து.

இனி, லோட் செய்து வைப்பது. "ராத்திரி பன்னி வந்தா தோட்டாவைத் தேடிக்கிட்டா இருக்க முடியும்?" என்பார்கள். லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்திருக்கத்தான், காட்டு விலங்கைச் சுட அல்ல. அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் விஷயம். பன்றியின் பேரைச் சொல்லி வீட்டில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இரட்டைக்குழலில் ஒரு குழலை மட்டும் காலி செய்துவிட்டு மறந்தவர்கள் இருக்கிறார்கள். குழலை மடக்கி, இரண்டு துளையிலும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணை நம்பக் கூடாது. சேஃப்டியை, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தானை, போட்டிருக்கிறேன் என்பதும் அரைகுறை ஆறுதல்தான். வெளியே சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) தெரியாத இரட்டைக்குழல்களில், குழலை மடக்கும்போதே உள்ளே இருக்கும் சுத்தியல்கள் ஏறிக்கொள்ளும். சேஃப்டி பெரும்பாலானவற்றில் விசையை மட்டும்தான் தடுக்கிறது. ஒரு சின்னப் பொத்தானை முன்னால் தள்ள எந்தப் பிள்ளைக்கும் தெரியும். விசை கனம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: விரலில் பலம் போதாத குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். அப்போது குழல் யாரைப் பார்த்து இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி இதைவிட மோசம். நீலகிரியிலும் பழனி மலையிலும் தாத்தா காலத்தது என்று சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். மடக்கிப் பார்க்க வழியில்லை. கெட்டித்த மருந்தை வெளியே எடுப்பது தொல்லை என்று அப்படியே மூலையில் சாத்திவிடுவார்கள். அடுத்த வருடம் அது காலியா இல்லையா என்று யாருக்கும் நினைவிருக்காது. கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு உள்ளே போகிறது என்று விரலால் குறித்துக்கொண்டு, வெளியே வைத்துக் குழலின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கம்பி கடைசி வரை போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை வீட்டில் நோண்டாமல், தெரிந்த ஆயுதக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

தோட்டா விஷயத்தில் மலைக்கென்றே ஒரு தவறு உண்டு: கோட்டுப் பை. வருடம் முழுக்கக் கம்பளிக் கோட்டு போடுகிற ஊர். தோட்டத்துக்குப் போனவர் இரண்டு தோட்டாவைப் பையில் போட்டு, வந்ததும் கோட்டைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போவார். சிவப்புப் பிளாஸ்டிக் குழாய், அடியில் பளபளக்கும் பித்தளை. அதை எடுத்து உருட்டி விளையாடாத குழந்தை உண்டா? ஈரத்தில் கெட்டுப்போன பழைய தோட்டாக்களையும் குப்பையிலோ அடுப்பிலோ போடக் கூடாது. எண்ணி எடுத்துக்கொண்டு போய் ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படைப்பதுதான் சரி.

2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டில் பிள்ளைகளுக்கு ஆபத்தைக் குறைப்பதாக நான்கு பழக்கங்களைக் காட்டியது: தோட்டா ஏற்றாமல் வைப்பது, துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டாவையும் பூட்டுவது, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது. இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாவது ஒன்றும் எளிது. அது கருவி எதுவும் இல்லாமலே தோளில் வைக்கும் கட்டை, குழல், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை என்று மூன்றாகக் கழன்றுவிடும். குழலை ஒரு பெட்டியிலும் கட்டையை வேறு பெட்டியிலும் பூட்டிவிட்டால், ஒரு சாவி கிடைத்தாலும் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய்தான். அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். தோல் உறையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மழை மாதங்களில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கிறது. எண்ணெய் தடவி, காய்ந்த துணியில் சுற்றினால் போதும்.

ஏர்கன்னைப் பற்றிச் சுருக்கமாக. குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாதவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால், குரங்கு விரட்ட வாங்கியதைப் பையன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன ஈயக்குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. அதையும் பூட்டுங்கள்.

பதின்வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இன்னொரு கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட், ஒரு சண்டை, பல நாளாகச் சரியாகப் பேசாமல் அறைக்குள்ளேயே இருப்பது, இப்படி எது நடந்தாலும் பெட்டியை நம்பாதீர்கள். அந்த வயதில் பூட்டை உடைக்கத் தெரியும். தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. துப்பாக்கியையும் தோட்டாவையும் வீட்டை விட்டே வெளியே அனுப்பிவிடலாம். உரிமம் பெற்ற ஆயுதக் கடைகளிலும் காவல் நிலையத்திலும் பாதுகாப்புக்கு ஒப்படைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு, தோட்டா இல்லாமல், உறையில் போட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு எடுத்துப் போங்கள். துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.