ஆடும் சுக்கான்: ஸ்பானரை எடுக்கும் முன்

போன வாரம் ஒருவர் தன் பாய்மரப் படகின் சுக்கான் ஆடுகிறதென்று, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் செய்த அதே மடத்தனம். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. அதனால் இந்த வேலையில் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எங்கே ஆடுகிறது என்று பார்க்காமல் தொடங்குவது

சுக்கானின் முளை, படகில் பொருத்திய வளையத்துக்குள் நின்று திரும்புகிறது. ஒருவர் கைப்பிடியை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் சுக்கானின் அடிநுனியை ஆட்டட்டும். முளைக்கும் புஷ்ஷுக்கும் (வளையத்துக்குள் செருகிய சிறு குழல்) நடுவிலா, கைப்பிடி மூட்டிலா, வளையம் படகோடு சேரும் இடத்திலா என்பது விரலை வைத்தாலே தெரியும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஊறிய பலகையில் போல்ட்டை முறுக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வளையத்தைப் பிடிக்கும் போல்ட் படகின் பின்சுவரில் இறங்குகிறது. பல ஃபைபர் படகுகளின் பின்சுவரில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளையில் வைத்த நீர்புகாப் பசை விட்டுப்போனால் பலகை ஊறும், அழுகும், நசுங்கும். முறுக்கினால் அன்றைக்குச் சரியாகிவிடும், ஏமாறுவதே அதனால்தான். நான் ஒரே பருவத்தில் மூன்று முறை முறுக்கினேன். மூன்றாம் முறை வாஷர் ஃபைபரில் குழி பறித்து உட்கார்ந்தது. நன்றாக இறுகிவிட்டதென்று மகிழ்ந்தேன்! பிறகு போல்ட்டை உருவியபோது பழுப்பு நீர் வழிந்தது. துளைக்குள் விட்ட ஆணி தடையில்லாமல் பக்கவாட்டில் புதைந்தது. உள்ளங்கை அகலத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காகப் பின்சுவரில் பாதியை அறுத்து மாற்றினேன்.

போல்ட்டைக் கழற்றி, துளையைச் சுற்றியுள்ள மெத்தென்ற மரத்தை வளைந்த கம்பியால் சுரண்டி எடுங்கள். முழுதாக உலர விடுங்கள். எல்லோருக்கும் பொறுமை போவது இங்கேதான். குழியைக் கெட்டியாக்கிய எப்பாக்ஸிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் புதுத் துளை போடுங்கள். இனி அழுத்தத்தைத் தாங்குவது எப்பாக்ஸி. நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. உட்பக்கம் அகலமான தகடு வைத்து, புதிதாகப் பசையிட்டு முடுக்குங்கள்.

இன்னும் பெரிய திருகு போடுவது

அழுகலுக்கு இன்னும் பெரிய வாசல்.

நைலான் புஷ்ஷை இறுக்கமாக வைப்பது

நைலான் நீரை உறிஞ்சி உப்பும். கரையில் கச்சிதமாக இருந்த சுக்கான், சில நாள் நீரில் கிடந்ததும் திரும்ப மறுக்கும். அசிட்டால் என்ற இன்னொரு பிளாஸ்டிக் அவ்வளவாக உப்பாது. எதுவானாலும் ஒரு விரலால் தள்ளினால் திரும்ப வேண்டும். துளி ஆட்டம் குற்றமில்லை.

பூட்டுக் கிளிப்பை மறப்பது

முளை வளையத்திலிருந்து மேலே எழும்பாமல் பிடிப்பது இந்தக் கிளிப்தான். அது இல்லாமல் படகு கவிழ்ந்தால் சுக்கான் கழன்று தனியே போய்விடும்.