பயிற்சி நாளுக்குப் பிறகு: பள்ளிக்குள் ஓர் ஆறு வாரச் சுற்று

வட்டார வள மையத்தில் பயிற்சி முடித்துத் திரும்பும் ஆசிரியர் மறுநாள் வகுப்பில் தனியாகத்தான் நிற்கிறார். கேட்டு வந்ததைச் செய்யும்போது எங்கே இடறுகிறது என்று உடனிருந்து பார்க்க ஆளில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அதில் ஒரு பங்காவது சொந்த வகுப்பறையில் நடந்தால்தான் கற்பித்தல் மாறும். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, வகுப்பில் நடத்தி, கவனித்து, திருத்துவதுதான் பாட ஆய்வு முறை. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடக்கும் அந்த முறையைத் தழுவி, நம் பள்ளிகளுக்கு ஏற்ற சுற்று ஒன்று இதோ.

குழுவில் மூன்று முதல் ஆறு பேர் போதும். வாரம் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். "பள்ளி விட்டதும் பேசிக்கொள்ளலாம்" என்று விட்டால், பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் வாரத்தோடு நின்றுபோகும்.

முதல் வாரம், மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை மேசையில் பரப்புங்கள். "கணிதத் திறன் மேம்பாடு" போன்ற அகலமான தலைப்பு எதற்கும் உதவாது. 52 – 27 = 35 என்ற விடை எத்தனை நோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குழந்தை கவனக்குறைவாகப் போடவில்லை. 2-இல் 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. அதே குழந்தை 402 – 178-க்கு 376 என்று எழுதும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதையே விதியாக அது பிடித்து வைத்திருக்கிறது. சரியான விடை, இந்தத் தவறு, பிற தவறுகள் என நோட்டுகளை மூன்றாக அடுக்கி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகள், இரண்டு உதிரிக் குச்சிகள். "இதிலிருந்து 27 கொடு" என்று கேட்டால் குழந்தை என்னென்ன செய்யும்? அத்தனையையும் முன்கூட்டியே எழுதுங்கள். திட்டத்தின் உயிர் அங்கேதான். கட்டைப் பிரிக்கும் அதே நொடியில் கரும்பலகையில் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12 என்று எழுத வேண்டும். குச்சி ஒரு நாள், கணக்கு மறுநாள் என்று பிரித்தால் இரண்டும் குழந்தையின் மனத்தில் ஒட்டுவதே இல்லை.

மூன்றாம் வாரம் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு மூன்று குழந்தைகளை மட்டும் கவனிக்க வேண்டும். குழந்தை சொன்னது, எழுதியது, அழித்தது ஆகியவற்றை அப்படியே குறிக்க வேண்டும். பாடம் நடத்துபவரைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். சொல்லிக்கொடுக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் உதவிவிட்டால் குழந்தை எங்கே நின்றது என்பது தெரியாமலே போய்விடும். தலைமையாசிரியரும் வரலாம், பார்வைப் பதிவேடு இல்லாமல். மதிப்பெண் போடுகிறார்கள் என்ற எண்ணம் வந்ததுமே, ஆசிரியர் முன்பே ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் நடத்திக் காட்டுவார்.

அன்றே 40 நிமிடம் உட்காருங்கள். பாடம் நடத்தியவர் முதலில் பேசட்டும். பிறகு மற்றவர்கள் குறிப்பை வாசிக்கட்டும். "நன்றாக இருந்தது" என்று யாராவது சொன்னால், "எந்தக் குழந்தையிடம் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு தானாகக் கூர்மையாகும்.

நான்காம் வாரம் திட்டத்தில் ஓரிரு மாற்றம் மட்டும் செய்து, வேறு பிரிவில் வேறொருவர் நடத்த வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று பிரித்தறிய முடியாது. ஐந்தாம் வாரம் அவரவர் வகுப்பில். ஆறாம் வாரம் அதே வகைக் கணக்குகளை எண்களை மாற்றிக் கொடுத்து, நோட்டுகளை மீண்டும் மூன்றாக அடுக்குங்கள். நடுவிலிருந்த அடுக்கு குறையாவிட்டால் இதே கேள்வியோடு அடுத்த சுற்றுக்குப் போங்கள். புதுத் தலைப்புக்குத் தாவ வேண்டாம்.

சுற்று முழுவதற்கும் ஆவணம் ஒரு பக்கம் போதும். புகைப்படமும் அறிக்கையும் பெருகினால் திட்டமிடும் நேரத்தைத்தான் அவை தின்னும்.

ஈராசிரியர் பள்ளியில் வகுப்பை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்க முடியாது. அங்கே குழந்தைகள் யோசித்துப் பதில் சொல்லும் பத்து நிமிடத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பெயர் தெரியாதபடி நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம். அவர்களில் இருவர் சேர்ந்தால் குழு தயார்.